பாராலீகல் டிப்ளமோவுக்கு அறுபதாயிரம் கட்டலாமா?

கேள்வி: கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. மலையாளி பழங்குடிச் சமூகத்துப் பெண் நான். இந்த வருடம் +2 முடித்தேன். அப்பா மரவள்ளி போடுகிறார். நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஊர்க்காரர்கள் அலைவதைப் பார்த்தே வளர்ந்ததால் சட்டம் படிக்க ஆசை. ஐந்து வருடம் படிக்க வைக்க முடியாது என்கிறார்கள் வீட்டில். ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஒரு வருட பாராலீகல் டிப்ளமோவுக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. முடித்தால் மாதம் 25,000 சம்பளம் கிடைக்குமாம். கடன் வாங்கிச் சேரலாமா?

பதில்: கடன் வாங்கிச் சேர வேண்டாம். சட்டத்தின் பக்கம் போக நினைக்கும் உங்கள் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆசைக்கு இதைவிடச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வருமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படிப்புச் செலவு என்றால் நாம் கட்டணத்தை மட்டும்தான் பார்க்கிறோம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகத் தினமும் மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் படித்துத் திரும்புவது ஒரு வருடம் தாங்காது. கீழே அறை எடுத்தாக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து தங்கினாலும் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 48,000. அடுத்தது யாரும் எழுதிக்கொள்ளாத செலவு: அந்த வருடம் நீங்கள் ஊரில் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்த அளவுகூட வேண்டாம். மாதம் 15 நாள், நாளுக்கு 300 ரூபாய் என்றே போடுங்கள். மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. கட்டணம் 60,000, தங்கல் 48,000, விட்ட கூலி 54,000. ஆக மொத்தம் 1,62,000 ரூபாய். கடனுக்கான வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை.

இனி வரவைப் பார்ப்போம். டிப்ளமோவை முடித்துவிட்டு ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேருகிறீர்கள். சம்பளம் 9,000 ரூபாய் என்று வையுங்கள். கீழே தங்கினால் 4,000 அதிலேயே போய்விடும். மீதி 5,000. ஊரில் இருந்து சம்பாதிப்பதைவிட மாதம் 500 ரூபாய்தான் கூடுதல். 1,62,000 ரூபாயை மாதம் 500 வீதம் திரும்ப எடுக்க 324 மாதம் ஆகும். அதாவது 27 வருடம். அவர்கள் சொல்வதுபோல 25,000 உண்மையிலேயே கிடைத்தால் பத்தே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். எதை எப்படி மாற்றினாலும், முடிவு அந்தச் சம்பள வாக்குறுதி உண்மையா பொய்யா என்பதில்தான் போய் நிற்கும்.

அந்த வாக்குறுதியைச் சோதிப்பது கடினம் இல்லை. போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். எங்கே வேலை பார்க்கிறார்கள், கையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். பிறகு கள்ளக்குறிச்சி கோர்ட் பக்கம் இரண்டு மூன்று வக்கீல் அலுவலகங்களில் ஏறி, "பாராலீகல் டிப்ளமோ இருந்தால் எவ்வளவு தருவீர்கள்? டிப்ளமோ இல்லாமல் டைப்பிங் மட்டும் தெரிந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சான்றிதழின் விலை. பெரும்பாலான இடங்களில் வித்தியாசமே இருக்காது என்பது என் கணிப்பு.

காரணம் இருக்கிறது. வக்கீலுக்கு உதவும் பாராலீகல் என்ற வேலைக்கு நம் நாட்டில் உரிமம் கிடையாது, பதிவு கிடையாது, தனிச் சம்பள விகிதமும் கிடையாது. அமெரிக்காவில் அது நிலைபெற்ற தொழில். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் பாராலீகல்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 60,970 டாலருக்கு மேல் வாங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் அங்குள்ள வழக்கறிஞர் சங்கமே பாராலீகல்களுக்கு உரிமம் தருகிறது. சிறு வழக்கு நீதிமன்றத்திலும் வாடகைத் தகராறு மன்றத்திலும் அவர்களே கட்சிக்காரருக்காக வாதாடலாம். அந்தச் சட்டம் அங்கே இருப்பதால் அந்தப் படிப்புக்கு அங்கே விலை இருக்கிறது. இங்கே மனு டைப் செய்வது, கட்டு எடுத்து வைப்பது, வாய்தா தேதி குறிப்பது, நகல் மனுப் போடுவது எல்லாம் வக்கீல் குமாஸ்தா செய்யும் வேலை. அவர் அதை அலுவலகத்தில் இருந்தபடியே கற்றுக்கொண்டவர். சென்னையில் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் கம்பெனிகள் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கிலம் நன்றாக வரும் சட்டப் பட்டதாரிகளைத்தான் எடுக்கின்றன.

சான்றிதழ் வேண்டும் என்று மனம் கேட்டால், இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாராலீகல் டிப்ளமோ நடத்துகிறது. +2 போதும். ஒரு வருடத்தில் முடிக்கலாம், தேவையானால் கூடுதல் காலமும் எடுத்துக்கொள்ளலாம். உங்களிடம் கேட்ட தொகையில் சிறு பங்குதான் கட்டணம். சேருமுன் இந்த ஆண்டுக் கட்டணத்தை அவர்களிடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வர வேண்டாம், கூலியையும் இழக்க வேண்டாம். பாடம் தமிழில் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் படித்து எழுதத் தயங்குபவருக்கு அது பெரிய தடை. இந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு வக்கீல் ஆகவும் முடியாது. தபால் வழியில் படித்த எந்தச் சட்டப் படிப்பைக் கொண்டும் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

இந்த டிப்ளமோ சொல்லித்தரும் வேலையில் பெரும்பகுதியைக் காசில்லாமல் கற்றுக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டம் அது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆள் எடுக்கும்போது செய்தித்தாளில் அறிவிப்பு வரும். எழுதப் படிக்கத் தெரிந்து, பத்தாவது முடித்திருந்தால் நல்லது என்பதுதான் திட்டத்தின் எதிர்பார்ப்பு. சட்டப் படிப்பு தேவையில்லை. அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் என யாரும் சேரலாம். பயிற்சி இலவசம். கைது செய்யப்பட்டவரின் உரிமை, குடும்ப வன்முறை, நிலம், முதியோர் பராமரிப்பு, அரசு நலத்திட்டங்கள் என்று அடிப்படை எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அடையாள அட்டையும் உண்டு.

ஆனால் இது வேலை கிடையாது. இந்த இடத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை. பணி ஒதுக்கிய நாளுக்கு மட்டும் மதிப்பூதியம். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்து, மாதம் பத்து நாள் கூப்பிட்டாலும் 5,000 ரூபாய். பத்து நாளும் கூப்பிடுவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கட்சிக்காரரிடம் பணம் வாங்கக் கூடாது, கோர்ட்டில் எழுந்து வாதாடவும் முடியாது. பிழைப்புக்கு வேறு வருமானம் வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்வதற்காகவும் ஊருக்காகவும் செய்யும் பணி இது. இதை அப்படி எடுத்துக்கொண்டால் இதைப்போல் லாபமான படிப்பு வேறில்லை, ஏனென்றால் செலவே இல்லை.

உங்கள் மலைக்கு இது எவ்வளவு தேவை என்பது உங்களுக்கே தெரியும். கல்வராயன்மலையில் ஜாகீர்தார் ஆட்சி முடிந்தது 1976இல்தான். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குக் காட்டக் காகிதம் எதுவும் இல்லாத குடும்பங்கள் அங்கே பல. உங்கள் அப்பாவின் நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கிறதா, வனத்துறைக் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் வி.ஏ.ஓ.விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போக வேண்டிய வழி அதைப் பொறுத்து அப்படியே மாறிவிடும். வனநிலம் என்றால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடிக் குடும்பம் அனுபவித்து வரும் நிலத்தில், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனு முதலில் கிராம சபைக்குப் போகும். வன உரிமைக் குழு நிலத்தை வந்து பார்க்கும். பிறகு கோட்ட அளவிலான குழு, அதன்பின் மாவட்டக் குழு. உரிமைச் சான்று கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குச் சேரும், விற்க முடியாது.

இந்த மனுக்கள் பல சமயம் ஆதாரம் இல்லை என்ற ஒரு வரியில் விழுந்துவிடும். காகிதம் மட்டும்தான் ஆதாரம் என்று சட்டம் சொல்லவில்லை. உரிமை கோராத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வதை எழுத்தில் வாங்கி வைத்தால் அதுவும் ஆதாரம். நிலத்தில் உள்ள பழைய கிணறு, வரப்பு, சமாதி இவையும் ஆதாரம். கிராம சபை மறுத்துத் தீர்மானம் போட்டால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம். இவ்வளவும் தெரிந்த ஒரே ஒரு பெண் ஊரில் இருந்தால் இருபது குடும்பத்தின் மனு ஒழுங்காகப் போகும். இதற்காக உங்கள் கைக்குச் சம்பளம் வராது. உங்கள் அப்பாவுக்கு உரிமைச் சான்று கிடைத்தால் அதன் மதிப்பை எந்த டிப்ளமோவின் சம்பளத்தோடும் ஒப்பிட முடியாது. படிப்பின் பலனைக் கணக்கிடும்போது இந்த வரவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் அப்படியே. செம்மரம் வெட்டக் கூட்டிச் செல்லப்பட்டு ஆந்திரச் சிறையில் மாட்டியவரின் வீட்டார்கூட இது தெரியாமல் இடைத்தரகரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். இதை ஊரில் நாலு பேரிடம் சொல்ல நீங்கள் எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்க வேண்டாம்.

இனி மாதச் சம்பளம். கோர்ட்டைச் சுற்றியே வேலை வேண்டும் என்றால், கோர்ட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2,329 பணியிடங்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அதில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் பணியாளரின் ஊதிய விகிதம் 19,000 முதல் 69,900 வரை. சீனியர் பெய்லிஃப், ரீடர் போன்ற பணிகளுக்கு 19,500 முதல் 71,900 வரை. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை ஒட்டியதுதான். அகவிலைப்படி சேர்ந்தால் கையில் வருவது இன்னும் கூடும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக வரும் இளநிலை உதவியாளருக்கும் டைப்பிஸ்டுக்கும் இதே 19,500 தொடக்கம். அந்த நிறுவனம் வாயால் சொல்லும் 25,000 ரூபாய்க்கும் இதற்கும் இருக்கும் தூரத்தை நினைத்துப் பாருங்கள். இது அரசாணையில் இருக்கும் எண். தேர்வில் போட்டி கடுமைதான், மறுக்கவில்லை. பழங்குடியினருக்கு ஒரு சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் சாதிச் சான்றிதழ் கையில் தயாராக இருக்க வேண்டும். எஸ்.டி. சான்றிதழ் தருபவர் தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ. என்பதால் அதற்குக் காலம் பிடிக்கும்.

ஆகவே 60,000 ரூபாயில் சிறு பங்கைச் செலவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தால் டைப்பிஸ்ட் பணிக்கு விண்ணப்பிக்கலாம். கூடவே தொழில்நுட்பக் கல்வித் துறையின் கணினிச் சான்றிதழையும் எழுதிவிடுங்கள். வக்கீல் அலுவலகம், பத்திர எழுத்தர், இ-சேவை மையம், அரசு வேலை என எங்கே போனாலும் இந்த இரண்டுக்கும் விலை இருக்கிறது.

ஐந்து வருடச் சட்டப் படிப்பை வீட்டில் முடியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை ஒருமுறை மறுபடி பேசிப் பார்க்கச் சொல்வேன். அவர்கள் தனியார் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துப் பயந்திருக்கலாம். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் குறைவு. விழுப்புரத்திலும் தர்மபுரியிலும் 2017இல் தொடங்கின, சேலத்தில் 2019இல் வந்தது. மூன்றுமே உங்களுக்கு எட்டும் தூரம். பழங்குடி மாணவர் +2வில் 40 சதவீதம் எடுத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் படிப்பிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஐந்து வருடத்தில் அது 60,000. நிறுவனம் உங்களிடம் கேட்கும் தொகையை அரசே உங்களுக்குத் தருகிறது.

அரசு விடுதியில் இடம் கிடைத்தால் பெரிய செலவு விட்ட கூலிதான். மாதம் 4,500 வீதம் ஐந்து வருடத்துக்கு 2,70,000 ரூபாய். புத்தகம், பயணம், கோட்டு, கவுன், தேர்வுக் கட்டணம் இவற்றைப் புதுமைப்பெண் பணத்தோடு கழித்துவிடுவோம். படித்து முடித்தபின் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முன்பு பல ஆயிரம் கேட்டார்கள். 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. இப்போது பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்தான் பதிவுக் கட்டணம்.

சிரமம் அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று வருடங்களில். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. 15,000 கிடைத்தால் தங்கல் 4,000, ஊர்க் கூலி 4,500 போக மாதம் 6,500 மிச்சம். விட்ட கூலி மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். எல்லா அலுவலகத்திலும் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். 5,000 ரூபாய்தான் தருகிறார்கள் என்றால் மாதம் 3,500 துண்டு விழும். இரண்டு வருடத்துக்கு 84,000. இந்த 84,000 எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் யாரும் சட்டக் கல்லூரியில் சேரக் கூடாது. ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருடம் மாதம் 3,000 ரூபாய் தரும் மாநில அரசுத் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிப் பார் கவுன்சிலில் கேட்டு வையுங்கள்.

சட்டப் படிப்பு நீதிபதி ஆகவும் வழி திறக்கும். உங்களைப் போன்ற மலையாளி சமூகத்துப் பெண், ஜவ்வாது மலைப் பக்கத்து ஸ்ரீபதி, குழந்தை பெற்ற சில நாட்களிலேயே போய் சிவில் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 தொடக்கத்தில் தேர்ச்சி பெற்றார். அந்தத் தேர்வுக்கு இப்போது புது நிபந்தனை வந்திருக்கிறது. மூன்று வருடம் வக்கீலாகப் பணி செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐந்தும் மூன்றும் சேர்த்து எட்டு வருடம் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

எட்டு வருடம் இப்போது முடியாது என்றால் இன்னொரு வழி: ஏதாவது ஒரு டிகிரி, கூடவே டைப்ரைட்டிங், ஒரு வேலை, கையில் கொஞ்சம் சேர்ந்தபின் மூன்று வருடச் சட்டப் படிப்பு. டிகிரியை முறையாகப் பத்தாவது, +2 முடித்தபின் படித்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்புகளைத் தாண்டி நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தைச் சட்டக் கல்லூரி ஏற்காது. உங்கள் ஊரில் பாதியில் படிப்பை விட்ட தோழிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அந்த வழியில் காசும் காலமும் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று காரியம். ஆர்.டி.ஓ. அலுவலகச் சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள், வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்து. கள்ளக்குறிச்சி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய்த் தன்னார்வலர் தேர்வு அடுத்து எப்போது என்று கேளுங்கள். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடப் படிப்புக்கான விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், கடைசி நாளுக்குக் காத்திராமல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, சேர்வதா வேண்டாமா என்பதை இடம் கிடைத்த பிறகு அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.